உரல், திருகை, ரொட்டி டின்: சம்பா கோதுமை ரொட்டி செய்த குறிப்பு

சம்பா கோதுமையை உமியோடு வாங்கி, உரலில் குத்தி, திருகையில் அரைத்து, வேறு மாவு எதுவும் கலக்காமல் சுட்ட ரொட்டி ஒருவழியாகச் சரியாக வந்துவிட்டது. டின்னின் அளவு 20×10 செ.மீ., உயரம் 8 செ.மீ. அதில் ரொட்டி 7 செ.மீ. எழும்பி நின்றது. சுட்ட பிறகு எடை 815 கிராம். வெட்டும்போது துண்டு உதிரவில்லை, கத்தியில் ஒட்டவில்லை, அடிப்பக்கம் களி போலப் பட்டை கட்டவும் இல்லை. மைதா ரொட்டியின் உயரத்தை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்கக் கூடாது. இந்தத் தானியத்துக்கு 7 செ.மீ. நல்ல உயரம். முன்பு வந்தவையெல்லாம் 4 அல்லது 5 செ.மீட்டரில் உட்கார்ந்துவிட்ட கட்டிகள்.

பலன் கொடுத்தது ஒரே ஒரு மாற்றம் அல்ல. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது: உமி நீக்குவதிலும் அரைப்பதிலும் எவ்வளவு நிதானம் காட்டினாலும் தகும், மாவில் தண்ணீர் பட்ட பிறகு நிதானம் ஆகவே ஆகாது. சாதாரணக் கோதுமை ரொட்டிக்கு நல்லது என்று சொல்லப்படும் நீண்ட புளிப்பு, நீண்ட பிசைதல் இரண்டும் இதைக் கெடுக்கின்றன.

தானியம் வாங்குவது

சம்பா கோதுமை என்பது எம்மர் இனம், தாவரவியல் பெயர் டிரிட்டிக்கம் டைகோக்கம். மேற்காசியாவில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் முதன்முதலில் பயிராக்கப்பட்ட தானியங்களில் ஒன்று. பண்டைய எகிப்தில் ரொட்டி பெரும்பாலும் இதில்தான் செய்தார்கள், பீருக்கும் இது ஆனது. மகாராஷ்டிரத்தில் கப்ளி என்கிறார்கள். சாங்கிலி, சாத்தாரா, கோலாப்பூர், பெலகாவி பக்கம் இன்றும் விளைகிறது. தமிழ்நாட்டில் நீலகிரிதான் இதற்கு இடம். மலையில் துரு நோய் ஆண்டு முழுக்க இருக்கும்; மற்றக் கோதுமைகள் அதில் அடிபடும், சம்பா தாக்குப்பிடிக்கும். வெலிங்டனில் உள்ள மத்திய அரசின் கோதுமை ஆராய்ச்சி நிலையம் எச்.டபிள்யூ. 1098 என்ற குட்டை ரகத்தைத் தந்தது. தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தின் டி.டி.கே. 1025, டி.டி.கே. 1029 ஆகியவையும் சாகுபடியில் இருக்கின்றன. இந்த வேலைக்கு எந்த ரகமும் ஆகும்.

கடையில் 'சம்பா கோதுமை', 'சம்பா ரவை' என்று எழுதி விற்பது எல்லாமே சம்பா என்று நம்பிவிட முடியாது. செந்நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஏமாறலாம். உண்மையான சம்பா மணி நீளமாக, இரு முனையும் கூராக, முதுகு கூன் விழுந்தாற்போல இருக்கும்; கடித்தால் கண்ணாடித் துண்டு போலப் பட்டென்று உடையும். ஆனால் ரவைக்கு ஆகும் கடினமான துரம் கோதுமையும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். அதனால் சந்தேகமில்லாமல் வாங்க ஒரே வழி உமியோடு வாங்குவதுதான். ரொட்டிக் கோதுமையும் துரமும் கதிரடித்தாலே உமி உதிர்ந்து மணியாக வந்துவிடும். சம்பா அப்படி வராது. கதிர் கணுக்கணுவாக முறியும். ஒவ்வொரு கணுவிலும் படகு வடிவத்தில் ஒரு கெட்டியான கூடு, அதற்குள் கோடு விழுந்த பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு மணிகள். நகத்தால் பிரித்துப் பார்த்தால் உமி மணியை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்று தெரியும்.

வாங்கியது 3 கிலோ, கிலோ 110 ரூபாய். விதைக்கடையில் கிடைப்பதை வாங்க வேண்டாம். விதைநேர்த்தி செய்த தானியத்தில் பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கும். சிவப்பு அல்லது இளஞ்சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தால் அது தின்னும் பொருளே அல்ல, கழுவினாலும் போகாது. விவசாயியிடம் 'சாப்பாட்டுக்கு, உமியோடு' என்று கேட்டு வாங்குவதே பத்திரம்.

உமியோடு வைத்திருப்பதில் இன்னொரு லாபம், வண்டு எளிதில் ஏறாது. வேண்டும்போது வேண்டிய அளவு மட்டும் குத்திக்கொள்ளலாம். குத்தினால் மணியின் முளைப்பகுதி கொஞ்சமாவது காயப்படும். அதிலிருந்து எண்ணெய் கசிந்து சில வாரங்களில் சிக்கு வாடை வந்துவிடும்.

உமி நீக்குதல்

அதிக நேரம் பிடித்ததும் அதிகத் தானியம் வீணானதும் இந்தக் கட்டத்தில்தான்.

முதலில் அரிசி ஆலை. ரப்பர் உருளை இயந்திரம் நெல்லின் பருமனுக்கு இடைவெளி வைத்தது. இரண்டு மணி சேர்ந்த சம்பாக் கூடு நெல்லைவிடப் பருமன். உள்ளே போனதும் நசுங்கி, பாதிக்குப் பாதி நொய்யாக வந்தது. இடைவெளியைத் திருத்தினால் சரியாகலாம், ஆனால் ஒன்றிரண்டு கிலோவுக்காக யாரும் இயந்திரத்தைத் திருத்தித் தரமாட்டார்கள். பழைய இரும்பு ஹல்லர் இன்னும் மோசம். உமியோடு தவிட்டையும் முளையையும் சீவித் தள்ளிவிடுகிறது.

அடுத்தது கல் உரலில் காய்ந்தபடியே குத்துவது. உமி போகிறது, ஆனால் நாலில் ஒரு பங்கு மணி உடைகிறது. காய்ந்த உமி மொரமொரப்பாக இருப்பதால் அது உடையும் அடியிலேயே மணியும் உடைகிறது.

இதற்கு நேர் எதிராக இரவு முழுக்க ஊறவைத்துப் பார்த்தால் மணி உப்பி, கூட்டுக்குள் இன்னும் இறுகிக்கொள்கிறது. குத்தினால் அவல் மாதிரி தட்டையாகிறது. காயவைத்தாலும் அந்த மணியைத் திருகையில் போட முடியாது.

சரியான வழி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எகிப்தில் கிடைத்த பழைய ரொட்டிகளையும் தானிய மிச்சங்களையும் 1990களில் நுண்ணோக்கியில் ஆராய்ந்த தொல்தாவரவியலாளர் டெல்வென் சாமுவேல், அங்கிருந்தது போன்ற கல் உரலில் எம்மரைத் தானே குத்திப் பார்த்தார். கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் குத்தினால் உமி கிழிந்து பிரியும், மணி முழுசாக நிற்கும் என்பது அவர் கண்டது. ஈரம் பட்ட உமி வளையும், வளையும்போது ஒன்றோடொன்று உராய்ந்து நார் நாராகக் கிழியும். உலக்கை இடிப்பதைவிட, கூடுகள் ஒன்றையொன்று தேய்ப்பதில்தான் வேலை நடக்கிறது. நெல் குத்திப் பழகியவர்களுக்கு இது புரியும்.

இங்கே ஒத்துவந்த அளவு: 1 கிலோ உமிக் கோதுமைக்கு 80 மி.லி. தண்ணீர். கையால் தெளித்துப் பிசிறி, ஈரத் துணி மூடி முக்கால் மணி நேரம். அதற்கு மேல் வைத்தால் ஈரம் மணிக்குள் இறங்கத் தொடங்கும். கையில் ஒரு பிடி எடுத்து அழுத்தினால் சரசரவென்ற ஓசை அடங்கியிருக்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது.

உரல் குழியில் பாதிக்கு மேல் போடக் கூடாது. பாதி அளவில் இருந்தால் ஒவ்வொரு குத்துக்கும் தானியம் ஓரத்தில் மேலேறி நடுவில் சரிந்து விழும்; இந்தச் சுழற்சி இருந்தால்தான் எல்லாக் கூடும் உராயும். நிறைத்துவிட்டால் மேலே இருப்பது மேலேயே கிடக்கும், அடியில் இருப்பது மாவாகும். உலக்கையின் இரும்புப் பூண் போட்ட முனை வேண்டாம். பூண் மணியை வெட்டுகிறது. பூண் இல்லாத மர முனையைக் கீழே வைத்து, உலக்கையை ஓங்காமல், ஒரு சாண் உயரத்திலிருந்து அதன் கனத்திலேயே விழவிட வேண்டும். பத்து நிமிடத்தில் கிழிந்த உமி மேலே மிதந்து வரும், குத்தும் சத்தமும் 'சொத்' என்பதிலிருந்து 'கலகல' என்று மாறும். அப்போது நிறுத்தி அள்ளிவிடலாம்.

ஈரத்தோடு புடைத்தால் உமி முறத்தில் ஒட்டிக்கொள்ளும். பாயில் பரப்பி ஒரு மணி நேரம் வெயிலில் உலர்த்திவிட்டுப் புடைக்க வேண்டும். காற்று இல்லாவிட்டால் மேசை விசிறியைத் தள்ளி வைத்து, அதன் முன் தூற்றலாம். முதல் சுற்றில் பத்தில் ஏழு கூடு பிரிந்துவிடும். பிரியாதவற்றை முறத்தில் கொழித்து ஒதுக்கி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து இரண்டாம் முறை குத்த வேண்டும். எல்லாம் ஒரே முறையில் பிரியட்டும் என்று தொடர்ந்து குத்தினால், ஏற்கெனவே வெளியே வந்த மணிகள் வீணாக அடிபடும். கடைசியாக ஒரு முறை கல் பார்க்கக் கொழிப்பதை விடக் கூடாது. திருகைக்குள் ஒரு சிறு கல் போனால் மாவு முழுக்கப் பல்லில் நறநறக்கும்.

1 கிலோவுக்குக் கிடைத்தது முழு மணி 610 கிராம், நொய் 55 கிராம், உமி 305 கிராம். மீதி 30 கிராம் தூசியாகப் போனது. நொய்யை உப்புமாவுக்கு வைத்துக்கொள்ளலாம். திருகையில் முழு மணியோடு கலந்தால் அரைவு சீராக வராது. உமி நீக்கிய மணியை இன்னொரு நாள் முழு வெயிலில் காயவைத்த பிறகே அரைக்க வேண்டும். ஈர மணி கல்லில் பசையாக ஒட்டி, கொத்துக் குழிகளை அடைத்துவிடும்.

திருகையைத் தயார் செய்தல்

பழைய பொருள் விற்பவரிடம் 1,800 ரூபாய்க்கு வாங்கிய கருங்கல் திருகை. விட்டம் 30 செ.மீ., மேல்கல் 6 செ.மீ. கனம், எடை 11 கிலோவுக்குச் சற்று மேல். நடுவில் இரும்பு அச்சு, ஓரத்தில் மரப்பிடி. இரண்டு கல்லின் முகமும் வழுவழுவென்று தேய்ந்துபோயிருந்தது. அப்படியே அரைத்தால் மணி கல்லுக்கு நடுவே உருளுமே தவிர உடையாது. சுற்றச் சுற்ற மணி சூடாகித் தவிடு மட்டும் உரியும்.

கொத்தித் தருபவர் கிடைத்தால் அவரிடமே விடுவது நல்லது. கூலி 400 ரூபாய். ஆனால் எப்படிக் கொத்த வேண்டும் என்று சொல்லிக் கொத்த வேண்டும். உளுந்து உடைக்கும் திருகைக்கும் மாவுத் திருகைக்கும் கொத்து வேறு. மாவுக்கு, அச்சைச் சுற்றியுள்ள பகுதியில் ஆழமான கொத்து, 2 மி.மீ. வரை, இடைவெளி விட்டு. அங்கேதான் மணி உள்ளே நுழைந்து உடைகிறது. வெளியே போகப் போகக் கொத்து நெருக்கமாகவும் ஆழம் குறைவாகவும் வர வேண்டும். ஓரத்தின் கடைசி 4 செ.மீ. உளி நுனியால் தொட்டு எடுத்த மாதிரி, விரலால் தடவினால் சொரசொரப்பு தெரியும் அளவு போதும். முகம் முழுக்க ஒரே ஆழத்தில் கொத்திவிட்டால் எத்தனை தடவை போட்டாலும் ரவைதான் வரும். இந்தத் திருகையிலும் முதல் கொத்து அப்படித்தான் அமைந்தது. ஓரத்தை உப்புத்தாளும் தண்ணீரும் விட்டுத் தேய்த்து ஆழம் குறைக்க வேண்டியிருந்தது.

நீங்களே கொத்துவதானால் கல்லை நனைத்துக்கொண்டு கொத்துங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். கருங்கல் தூள் நுரையீரலுக்குக் கேடு.

கொத்திய பிறகு கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, பச்சரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அரைத்துக் கொட்ட வேண்டும். கால் கிலோ அரிசி ஆனது. மாவு வெள்ளையாக வருகிறது என்பதால் கல் சுத்தம் என்று எண்ணிவிடக் கூடாது. கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் மாவைக் கலக்கி, ஒரு நிமிடம் விட்டு, மேலே உள்ள பால் போன்ற தண்ணீரைச் சாய்த்து ஊற்றுங்கள். கல்தூள் மாவைவிடக் கனம், அடியில் தங்கும். மறுபடி தண்ணீர் விட்டு, மறுபடி சாய்த்து, கடைசியில் டம்ளரின் அடியில் கருப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாதபோதுதான் கல் தயார்.

அரைத்தல்

கல் சேர்ந்து உட்கார்ந்தால் முழு மணி உள்ளே போகத் தயங்கும். முதல் சுற்றுக்கு மட்டும் மேல்கல்லைக் கொஞ்சம் தூக்க வேண்டும். பருத்தித் துணியை நாலாக மடித்து வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டையிட்டு அச்சில் மாட்டினால் ஏறக்குறைய 1 மி.மீ. இடைவெளி கிடைக்கிறது. சைக்கிள் டியூப் வாஷர் போட்டால் ரப்பர் தேய்ந்து மாவில் கருப்பாக விழுகிறது, அது வேண்டாம்.

ஒரு தடவைக்கு ஒரு சிறு பிடி, மூன்று நான்கு சுற்றுக்கு ஒரு முறை. வேகமாகப் போட்டால் உடையாத மணி ஓரம் வழியாகத் தப்பி வரும். முதல் சுற்றில் எல்லாம் இரண்டு மூன்றாக உடைந்தால் போதும். துணியை எடுத்துவிட்டு இரண்டாம் சுற்று. பிறகு 40 கண் (ஓர் அங்குலத்துக்கு 40 ஓட்டை) சல்லடையில் சலித்து, மேலே நின்றதை மட்டும் மூன்றாம் சுற்று. சலிக்காமல் மொத்தத்தையும் திரும்பத் திரும்பப் போடுவது வீண்வேலை. ஏற்கெனவே மாவானது கல்லுக்கு மெத்தை போலாகி, ரவை உடையாமல் தப்பிவிடும்.

1 கிலோ மணியில் சல்லடைக்குக் கீழே வந்த மாவு 790 கிராம், 20 கண் சல்லடையில் பிரித்த ரவை 115 கிராம், தவிடு 75 கிராம், கல்லோடு ஒட்டிப்போனது 20 கிராம். நேரம் ஏறக்குறைய ஒன்றரை மணி. மாவின் நிறம் வெளுப்பல்ல, சந்தனத்தை நெருங்கிய மஞ்சள். வாசம் முந்திரிக்குக் கிட்டே வரும். திருகை மாவைத் தொட்டால் சூடே தெரியாது. மாவு மில்லில் அரைத்ததோ பை வழியாகவே சுடும். மில்லில் இன்னொரு தொல்லை, முன்னால் அரைத்த மிளகாயோ அரிசியோ ஒட்டிக்கொண்டு வரும். மில்லுக்குத்தான் போக வேண்டும் என்றால் காலையில் முதல் ஆளாகப் போய், முதலில் விழும் அரைக் கிலோவைத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள்.

அரைத்த மாவை நம் வெயிலில் ஒரு வாரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. ஃபிரிட்ஜில் ஒரு மாதம் தாங்கும்.

மாவு பிசைதல்

சம்பாவில் புரதம் குறைவில்லை. சாதாரணக் கோதுமையைவிடக் கூடுதலாகவே இருப்பதுண்டு. ஆனால் அது இழுபடும், திரும்பாது. ரொட்டிக் கோதுமைக்கு 42 குரோமோசோம், இதற்கு 28. மாவைச் சுருங்கித் திரும்பவைக்கும் புரதங்களில் முக்கியமானவை அந்தக் கூடுதல் தொகுதியில்தான் இருக்கின்றன. இதில் குளூட்டன் என்ற கோதுமைப் புரதம் இல்லை என்று பொருள் அல்ல. குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோயாளிகள் இதைத் தொடக் கூடாது. 'பழங்காலக் கோதுமை, யாருக்கும் ஒன்றும் செய்யாது' என்று சொல்லி விற்பவர்கள் ஆபத்தான பொய்யைச் சொல்கிறார்கள்.

சப்பாத்தி மாவு போல 60 சதவீதத் தண்ணீரில் பிசைந்தது முதலில் கெட்டியாக, நல்ல மாவு போலத்தான் இருந்தது. தவிடு மெதுவாகத் தண்ணீரை உறிஞ்சி, அரை மணியில் மாவு வறண்டு வெடித்தது. ரொட்டி செங்கல்லாகப் போனது. தண்ணீரைக் கூட்டிப் பத்து நிமிடம் பிசைந்தது அதற்கு எதிர்ப்பக்கம்: முதலில் சேர்ந்து வந்த மாவு ஆறாம் ஏழாம் நிமிடத்தில் பளபளத்து, விரலில் நூல் நூலாக ஒட்டத் தொடங்கியது. அது மாவைப் பிடித்து வைக்கும் புரத வலை அறுந்ததன் அடையாளம். அதன்பின் மாவு சேர்த்துச் சரிக்கட்ட முடியாது.

ஈஸ்ட் போடாமல், ஸ்டார்ட்டரில் (மாவும் தண்ணீரும் கலந்து புளிக்கவைத்த உறை) இரவு முழுக்கப் புளிக்கவைத்தது மூன்றாம் தோல்வி. நம் ஊர் 30 டிகிரிச் சூட்டில் புளிப்பு ஏறிக்கொண்டே போகும், அமிலம் கூடக் கூட மாவில் இருக்கும் நொதிகள் புரதத்தைத் தின்றுவிடும். காலையில் பாத்திரத்தில் இட்லி மாவு இருந்தது. சுட்டால் மேலே ஓடு, கீழே களி. டின் இல்லாமல் உருண்டையாகத் தட்டில் வைத்துச் சுட்டது பக்கவாட்டில் பரந்து தோசைக்கல் அகலத்துக்கு வந்துவிட்டது. சம்பாவுக்குச் சுவர் வேண்டும், டின் இல்லாமல் ஆகாது.

நின்ற அளவு இது. திருகை மாவு 450 கிராம், தண்ணீர் 310 மி.லி., முதிர்ந்த ஸ்டார்ட்டர் 150 கிராம், கல்லுப்பைப் பொடித்தது 10 கிராம். ஸ்டார்ட்டரில் பாதி மாவு, பாதி தண்ணீர். அதையும் சேர்த்தால் மொத்த மாவு 525 கிராமுக்குத் தண்ணீர் 385, அதாவது 73 சதவீதம்.

ஸ்டார்ட்டருக்கும் சம்பா மாவையே ஊட்டலாம். ஒரு பங்கு பழையதற்கு இரண்டு பங்கு மாவு, இரண்டு பங்கு தண்ணீர். 30 டிகிரியில் நாலு மணி நேரத்தில் முதிர்ந்துவிடும். மைதா ஸ்டார்ட்டர் போல இரட்டிப்பாகும் என்று காத்திருந்தால் தாண்டிப் போய்விடும். பாதி அளவு ஏறி, மேற்பரப்பு லேசாகக் குவிந்து, மோர் வாசம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். நடு குழிந்து, மூக்கில் ஏறும் காடி வாசம் வந்தால் அது இன்றைக்கு ஆகாது. இன்னொரு முறை ஊட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

மாவையும் தண்ணீரையும் மட்டும் கரண்டிக் காம்பால் கலந்து மூடி அரை மணி வைக்க வேண்டும். தவிடு தண்ணீர் குடிக்கும் நேரம் அது. பிசைந்து வர வேண்டிய இறுக்கத்தில் பாதி இந்தச் சும்மா இருப்பிலேயே வந்துவிடுகிறது. பிறகு ஸ்டார்ட்டரும் உப்பும் சேர்த்து, ஈரக்கையால் இரண்டு நிமிடம், கட்டி கரையும்வரை மட்டும். பாத்திரத்துக்குள்ளேயே அரை மணிக்கு ஒரு முறை என்று இரண்டு முறை ஓரத்தை எடுத்து நடுவில் மடித்தால் போதும். மொத்தம் இரண்டு மணி நேரம். மாவு ஒன்றரை மடங்கு ஆனால் போதும். அதற்கு மேல் ஏறும் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

எண்ணெய் தடவிய டின்னில் ஈரக் கரண்டியால் வழித்துப் போட்டு, மேலே தட்டிச் சமப்படுத்தினால் மாவு டின்னில் 4 செ.மீ. உயரம் நிற்கும். மூடி ஒரு மணி நேரம். விளிம்புக்கு ஒன்றரை செ.மீ. கீழே வந்ததும், மேலே குண்டூசித் தலை அளவில் முதல் ஓட்டைகள் தெரிந்ததும், அடுப்புக்குப் போய்விட வேண்டும். அந்த ஓட்டைகள் தெரிந்தபின் இருபது நிமிடம் தாமதித்தால் நடு இறங்கிவிடும்.

சுடுதல்

வீட்டில் வைக்கும் சாதாரண ஓ.டி.ஜி. மின்னடுப்பு. 220 டிகிரியில் இருபது நிமிடம் முன்சூடு, அடித்தட்டில் ஒரு கிண்ணம் கொதிநீர். முதல் 15 நிமிடம் அதே சூடு. பிறகு கிண்ணத்தை எடுத்துவிட்டு 190 டிகிரியில் 35 நிமிடம். மேல் நிறத்தை நம்ப வேண்டாம், இந்த மாவு சீக்கிரம் சிவக்கும். குத்தூசித் தெர்மாமீட்டர் நடுவில் 97 அல்லது 98 டிகிரி காட்ட வேண்டும். டின்னிலிருந்து எடுத்து, அடிப்பக்கம் ஈரம் தெரிந்தால் டின் இல்லாமல் வெறும் கம்பித் தட்டில் இன்னும் ஐந்து நிமிடம்.

உடனே வெட்டக் கூடாது. ஆறு மணி நேரமாவது ஆற வேண்டும், மறுநாள் வெட்டினால் இன்னும் நல்லது. சூட்டில் வெட்டிய ரொட்டி களியாக இருக்கிறது என்று தூக்கிப்போட்டுவிட்டு, மறுநாள் அதே ரொட்டியின் மறுபாதி நன்றாக இருப்பதைப் பார்க்க நேரிடும். சுவையில் லேசான இனிப்பு, பின்னால் மோர்ப்புளிப்பு. வெண்ணெயைவிட நல்லெண்ணெயும் இட்லிப்பொடியும் இதற்குப் பொருந்துகின்றன.

செலவுக் கணக்கு: ஒரு ரொட்டிக்கு 525 கிராம் மாவு வேண்டும் என்றால் 665 கிராம் மணி, அதற்கு 1.1 கிலோ உமிக் கோதுமை. தானியம் மட்டும் 120 ரூபாய். திருகை, கொத்துக்கூலி, சல்லடை இரண்டு 430, டின் 350 எல்லாம் சேர்த்து முதலீடு 2,980 ரூபாய். உழைப்பு நேரத்தைக் கணக்கில் சேர்த்தால் கடையில் உமி நீக்கிய கப்ளி வாங்குவது மலிவு. ஆனால் அந்த மணிகளில் பல இயந்திரத்தில் மெருகேற்றியவை; தவிடும் முளையும் குறைந்திருக்கும், திருகை மாவின் வாசம் அதில் வராது. இந்த வேலையின் பயனே அந்த வாசத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அடுத்த முறை மாற்றப்போவது: உரலில் ஒரு ஈட்டுக்கு 1 கிலோவுக்குப் பதில் 600 கிராம் போட்டால் நொய் இன்னும் குறையும் என்று தோன்றுகிறது. திருகையின் அச்சு ஒரு பக்கம் தேய்ந்து மேல்கல் ஆடுகிறது. பட்டறையில் புது அச்சு அடிக்க வேண்டும். ஆட்டம் நின்றால் மூன்றாம் சுற்றே தேவைப்படாமல் போகலாம். சல்லடையில் நிற்கும் ரவையையும் ரொட்டியிலேயே சேர்க்கலாம்: 60 கிராம் ரவையில் 120 மி.லி. கொதிநீர் ஊற்றி, மூடி ஆறவைத்து, கூழானதும் ஸ்டார்ட்டரோடு சேர்க்க வேண்டும். வெந்த ரவை ஈரத்தைப் பிடித்து வைப்பதால் ரொட்டி மூன்றாம் நாளும் காயாமல் இருக்கும். அப்படிச் சேர்க்கும்போது மாவு 60 கிராமும் தண்ணீர் 60 மி.லி.யும் குறைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். மாவு அப்போதும் வறண்டால் ஒவ்வொரு ஸ்பூனாகத் தண்ணீர் தெளிக்கலாம்.